பல்லோடு போவது



என் அப்பத்தாவுக்கு அறுபது வயதுக்குள் கடைவாய்ப் பற்கள் எல்லாம் போய்விட்டன. வெற்றிலை பாக்கைச் சின்ன இரும்பு உரலில் இடித்துத்தான் வாயில் போடுவார். நிலக்கடலை போயிற்று, கறி போயிற்று, முருங்கைக்கீரையும் போயிற்று; குழைந்த சோறும் ரசமும் மிஞ்சின. பிறகு கல்யாண வீடுகளுக்கு வரமாட்டேன் என்றார். பந்தியில் எல்லோரும் எழுந்த பிறகும் இலைமுன் உட்கார்ந்திருக்கக் கூச்சம். கடைசியில் சந்தைக்குப் போவதும் நின்றது. "வயசாயிருச்சுல்ல" என்றோம். பல் மருத்துவம் படித்த நானும் அப்படித்தான் சொன்னேன். இன்றும் அது உறுத்துகிறது.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல்லோடு அது நிற்பதில்லை. மெல்ல முடியாதவருக்குப் புரதம் குறைகிறது, தசை தேய்கிறது, கால் தளர்கிறது. வாய்திறந்து சிரிக்கக் கூசுகிறவர் வீட்டுக்குள் ஒடுங்குகிறார்.

ஆனால் ஏழைக்குத்தான் பல்லும் சீக்கிரம் விழுகிறது, உடம்பும் சீக்கிரம் தளர்கிறது. வறுமை செய்த வேலைக்குப் பல்லின்மேல் பழி போடலாமா? நியாயமான கேள்வி.

விடை இங்கிலாந்திலிருந்து வந்தது. 1968இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயதுவந்தோரில் 37 சதவீதம் பேருக்கு ஒரு பல்கூட இல்லை. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்புதான் பர்மிங்காம் நகரம் பல் சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃப்ளோரைடு சேர்க்கத் தொடங்கியிருந்தது. ஓர் ஊர்க் குழாயில் ஃப்ளோரைடு வந்தது, இன்னோர் ஊர்க் குழாயில் வரவில்லை. எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்று குழந்தை தேர்ந்தெடுப்பதில்லை, வறுமையும் அதைத் தீர்மானிப்பதில்லை அல்லவா? ஜப்பானிய ஆய்வாளர் யுசுகே மட்சுயாமாவும் குழுவினரும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 45 முதல் 70 வயது வரையுள்ள 5,631 பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். சிறுவயதில் அந்தத் தண்ணீர் குடித்தவர்களுக்குப் பற்கள் அதிகம் மிஞ்சியிருந்தன. சமைப்பது, கடைக்குப் போவது, பணத்தைக் கணக்குப் பார்ப்பது போன்ற அன்றாட வேலைகளில் தடுமாறும் வாய்ப்பு, மிஞ்சிய ஒவ்வொரு பல்லுக்கும் 3.1 சதவீதப் புள்ளி குறைந்தது. 2021இல் வெளியான இந்த ஆய்வைப் படித்த இரவு அப்பத்தாவின் உரல்தான் நினைவுக்கு வந்தது.

நம் தண்ணீரிலும் ஃப்ளோரைடு கலக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று அளந்து சேர்க்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே அது மிகுந்து, பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறியதைக் கண்டவன் நான். ஒகேனக்கல் தண்ணீர் அங்கே போனது அதற்காகத்தான். நான் கேட்பது வேறு. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடுதேடி மாத்திரை கொண்டுபோகிறோம். அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம், "ஆத்தா, வாயைக் கொஞ்சம் திறங்க, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்றும் கேட்கச் செய்யுங்கள். ஆடும் பல்லைக் கண்டால் வட்டார மருத்துவமனைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்.