ஊருக்கு மறைக்கலாம், பங்காளிக்கு மறைக்கலாமா?

(கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



லாட்டரியில் பெருந்தொகை விழுந்தால் பெயரை வெளியிடுவதா, மறைப்பதா? லயத்தில் நாம் அடிக்கடி பேசும் பேச்சு இது.

2018இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பெண்மணிக்கு ஏறக்குறைய 56 கோடி டாலர் விழுந்தது. சீட்டின் பின்புறம் தம் பெயரை எழுதிய பிறகுதான், அறக்கட்டளையின் பெயரை எழுதியிருந்தால் தம் பெயர் வெளிவராது என அறிந்தார். வழக்குத் தொடுத்தார். பெயர் வேண்டாம், ஊரைச் சொல்லலாம் என்று தீர்ப்பாயிற்று.

மலேசியாவில் அத்தொல்லை இல்லை. டோட்டோ நிறுவனம் பெயரை விட்டு, வயதையும் தொழிலையும் பத்திரிகைக்குச் சொல்வது வழக்கம். பெயர் தெரிந்தால் கடன் கேட்போரும் நன்கொடை கேட்போரும் வாசலை அடைப்பார்கள். ஆகவே ஊருக்கு மறைப்பது குற்றமன்று.

ஆனால் நாம் தனித்தா சீட்டு வாங்குகிறோம்? ஐவர் கூடி ஆளுக்கு இரண்டு வெள்ளி போடுகிறோம். சீட்டு இருப்பதோ ஒருவர் பையில். அவர் வாய் மூடிவிட்டால் மற்ற நால்வரின் கதி என்ன? பங்கும் போகும், பல்லாண்டு நட்பும் போகும்.

ஆகவே குலுக்கலுக்கு முன்பே பங்காளிகளின் பெயர், போட்ட பணம், சீட்டு எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி, அனைவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வோம். எழுத வராதவர்களுக்குக் கிராணிமாராகிய நாமே எழுதித் தருவோம்.

சம்பளச் சீட்டைச் சரிபார்க்கக் கற்ற நாம், இந்தச் சீட்டுக்கும் கணக்கு வைப்போம்!