உணரியின் அளவும் ஓலையின் நீளமும்



மொழியியல் கற்றவர்க்கு ஒளிப்படக் கருவியில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். ஒரு சொல்தான் நம்மை அங்கு இழுத்துச் சென்றது. விலையுயர்ந்த சில கைப்பேசிகளை ‘ஓரங்குல உணரி’ கொண்டவை என்று விளம்பரம் செய்கின்றனர். உணரி என்பது வில்லை வழியே வரும் ஒளியை மின்குறிப்பாக மாற்றும் சில்லு. முன்பு படச்சுருள் இருந்த இடத்தில் இன்று இருப்பது. அந்த ‘ஓரங்குல’ உணரியை அளந்தால் 13.2 மில்லிமீட்டர் நீளம், 8.8 மில்லிமீட்டர் அகலம். மூலைக்கு மூலை அளந்தாலும் ஏறத்தாழ 16தான். ஓரங்குலமோ 25.4 மில்லிமீட்டர்!

பழைய தொலைக்காட்சிப் படக்கருவிகளில் ஒளியை ஏற்ற கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டமே அந்த அங்குலம். படம் விழும் பரப்பு அதனினும் சிறியது. குழாய் மறைந்தது, பெயர் தங்கிவிட்டது. எள்ளின் நெய்யாகிய எண்ணெய், ஜொகூரில் செம்பனைக்கும் பெயராகவில்லையா? ஆயினும் எண்ணெய் என்னும் சொல் எவரையும் ஏமாற்றுவதில்லை, அளவுப்பெயர் ஏமாற்றும். வகுப்பில் இதனைக் கற்பிப்போர் மில்லிமீட்டரையும் உடன் எழுதுதல் நன்று.

உணரி பெரிதானால் மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளிவாகும். ஆனால் அதே காட்சிப் பரப்பை அடக்க, வில்லையின் குவியத்தொலைவும் கூடவேண்டும். கைப்பேசியின் முதுகு புடைத்திருப்பது இதனால்தான். எனவே கருவி வடிப்போர் உணரியைப் பெருக்குவதோடு நில்லாமல், பல படங்களை எடுத்துக் கணிப்பால் ஒன்றாக்கும் வழியையும் நாடுகின்றனர்.

அளவைப் போலவே வடிவமும் மரபுரிமையாக வந்ததுதான். ‘முழுச்சட்டகம்’ எனப்படும் 36×24 மில்லிமீட்டர்ச் செவ்வகம், திரைப்படச் சுருளின் சட்டத்தை இரட்டித்து 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கருவி பரப்பியது. நம் ஓலைச்சுவடியை எண்ணி எவரும் அதனை வகுக்கவில்லை. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுதி 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. அத்தகைய சுவடிகளைப் படமெடுக்கும்போதுதான் இவ்வடிவத்தின் குறை புலப்படும்.

40 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் உடைய ஓலையைக் கொள்வோம். உணரியில் 6000×4000 படப்புள்ளிகள் இருப்பின், ஓலை நீளவாக்கில் நிறைந்தாலும் அகலவாக்கில் 600 புள்ளிகளையே கொள்ளும். நூற்றுக்கு 85 பங்கு புள்ளிகள் அடியில் விரித்த துணியைப் பதிவுசெய்கின்றன. ஓலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் வீண் குறையும்; மில்லிமீட்டருக்கு 15 புள்ளி என்னும் நுட்பமோ கூடாது. உணரியைப் பெரிதாக்கினாலும், புள்ளிகளின் எண்ணிக்கை மாறாதவரை இக்கணக்கு மாறாது. சுவடி அசைவதில்லை, விளக்கும் நம் கையில்; ஆதலால் பெரிய உணரி தரும் ஒளி ஆதாயமும் இங்கு அவ்வளவாகத் தேவைப்படாது.

இதற்கு வேறொரு வடிவம் முன்பே உண்டு. வருடியில் புள்ளிகள் வரிசையாக அமைந்து, தாளின்மேல் நகர்ந்துகொண்டே படிக்கின்றன. 1988இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள் அவ்வகை வரியுணரியால்தான் நிலப்பரப்பைப் படமெடுத்தது. ஓலையின் குறுக்கே வரியை வைத்து நீளவாக்கில் நகர்த்தினால், ஓலை எவ்வளவு நீளமாயினும் நுட்பம் குறைவதில்லை.