கழுத்தில் நெறி கட்டினால் காலம் கடத்தாதீர்!

(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொழிலாளிக்கு உள்ள ஒரே முதல் அவன் உடம்பு. கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டி, உடம்பும் அசதியாக இருந்தால், நம்மில் சிலர் பட்டணத்துக் கடையில் ஹோமியோபதி உருண்டை வாங்கி வருகிறோம். பரைட்டா கார்ப், கல்கேரியா கார்ப் என்று சீட்டு ஒட்டிய சிறு புட்டிகள். டாக்டர் சீட்டு வேண்டாம், வாய்க்கும் தித்திப்பு.

1796இல் ஜெர்மானிய மருத்துவர் ஹானிமன் வகுத்த முறை இது. புட்டியில் '30 சி' என்றிருந்தால் பொருள் என்ன? ஒரு துளி மருந்தை 99 துளி நீரிலோ சாராயத்திலோ கலக்கி, அதில் ஒரு துளியை மறுபடி 99 துளியில் கலக்கி, இப்படியே 30 தடவை செய்வது. 12 தடவை தாண்டும்போதே மூலமருந்தில் எதுவும் மிஞ்சுவது அரிது. நம் பாலில் தண்ணீர் சேர்ந்தால் நிறுக்கும் கொட்டகையில் விடுவார்களா? உலர்ந்த ரப்பருக்குத்தானே கணக்கு! அதே கணக்கை இந்தப் புட்டிக்கும் போடுங்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015இல் ஆராய்ந்து, எந்த நோய்க்கும் இது பலன் தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என்றது.

"சாப்பிட்டேன், வற்றியதே!" என்பீர்கள். தொண்டைப் புண், சொத்தைப் பல், காலில் முள் குத்திய புண் இவற்றால் கட்டும் நெறி, புண் ஆறினால் தானே வற்றும். பெயர் மட்டும் உருண்டைக்கு!

வற்றாத நெறிதான் ஆபத்து. இரண்டு வாரத்துக்கு மேல் நின்றாலும், கல்போல் இறுகினாலும், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு சேர்ந்தாலும், பெரியவர்கள் கண்டமாலை என்ற காசநோயாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். காசநோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாத மருந்து; நடுவில் நிறுத்தாமல் உண்டால் குணமாகும். உருண்டையை நம்பி அந்த மாதங்களை வீணாக்கினால் நோய் வேர்விடும்.

சம்பளம் போகுமே என்று அஞ்சாதீர்கள். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்தாண்டுக்குள் 18, அதற்குமேல் 22, ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60. நிர்வாகம் நியமித்த டாக்டரிடமோ, அவர் கிடைக்காவிடில் அரசாங்க கிளினிக்கிலோ சான்றிதழ் பெற்று, 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள்.

கிராணிமார்களே, விடுப்புக் கேட்டு வருபவரை "நெறிதானே" என்று திருப்பி அனுப்பாதீர்கள். தோழர்களே, இன்றிரவே உங்கள் கழுத்தையும் பிள்ளைகளின் கழுத்தையும் தடவிப் பாருங்கள். சந்தேகமிருந்தால் நாளைக்கே புறப்படுங்கள். சங்கம் உங்கள் பக்கம் நிற்கும்.