தடுப்பூசி நட்பும் காப்புரிமைப் பூட்டும்

(நவி மும்பை கோபர்கைரனே கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தானே–பேலாப்பூர் தொழிற்பகுதியில் கூடியிருக்கிறோம். இந்தியாவை ஏழை நாடுகளின் மருந்தகமாக்கியவை எவை? ஆலைத் தொழிலாளரின் உழைப்பும், 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டமும், பொதுத்துறை நிறுவனங்களும்தாம்.

2020 அக்டோபர் 2 அன்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கோவிட் தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவிகள் மீதான அறிவுசார் சொத்துரிமையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்குமாறு உலக வர்த்தக அமைப்பில் கோரின. சரியான கோரிக்கை அது. பணக்கார நாடுகள் இருபது மாதங்கள் இழுத்தடித்தன. 2022 ஜூனில் ஜெனீவாவில் கிடைத்தது தடுப்பூசிக்கு மட்டுமான அரைகுறைத் தளர்வே.

வெளியே கோரியதை மோடி அரசு உள்நாட்டில் செய்ததா? 2021 ஜனவரி 20 அன்று பூட்டானுக்கும் மாலத்தீவுக்கும் தடுப்பூசி அனுப்பி ‘வேக்சின் மைத்ரி’ தொடங்கியது. இரண்டாம் அலை வந்ததும் ஏற்றுமதி ஏறத்தாழ நின்றது. நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் தவித்தன. அப்போதும் செங்கல்பட்டின் பொதுத்துறைத் தடுப்பூசி வளாகம் முடங்கியே கிடந்தது. கட்டாய உரிமமும் வழங்கப்படவில்லை. மாறாக, கோவிஷீல்டுக்கு மூன்று விலை: ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 300, தனியார் மருத்துவமனைகளுக்கு 600!

பொருளாதார முற்றுகையில் தவிக்கும் கியூபாவோ அரசு ஆய்வகங்களிலேயே ‘அப்தலா’, ‘சொபெரானா’ தடுப்பூசிகளை உருவாக்கியது. 2020 மார்ச்சில் இத்தாலியின் லொம்பார்டிக்கு மருத்துவர்களையும் அனுப்பியது.

தோழர்களே, பிற நாடுகளுக்குக் கொடுத்ததை நாம் குறை கூறவில்லை. கொடுக்கும் வலிமையைப் பெருக்காமல் தனியார் இலாபத்திடம் ஒப்படைத்ததையே எதிர்க்கிறோம். பொதுத்துறைத் தடுப்பூசி ஆலைகளை முழுத் திறனுடன் இயக்கு என்னும் முழக்கம் ஒவ்வோர் ஆலை வாயிலிலும் ஒலிக்கட்டும்!