திருத்திய பின் எழும் ஓசை



தானியங்கிக் கியர்ப்பெட்டி பூட்டிய லொறி, திருத்துமிடத்திலிருந்து வெளிவந்ததும் முன்னில்லாத ஓசையொன்று கேட்கிறது. பெட்டியை மீண்டும் கழற்றுவதற்கு முன், எண்ணெயைப் பாருங்கள். பின்னர் செவிகொடுத்துக் கேளுங்கள்.

இப்பெட்டிக்கு எண்ணெயே உயிர். திருத்தும்போது வடித்த எண்ணெய் முழுவதும் திரும்ப நிரப்பப்படாவிடில், பம்பி காற்றையும் சேர்த்து உறிஞ்சிச் சிணுங்கும். அளவு மிஞ்சினாலோ எண்ணெய் நுரைத்து அதே தீங்கு விளையும். ஆகவே சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, தயாரிப்பாளரின் கைந்நூல் கூறும் முறைப்படியே அளவு பாருங்கள். பல வண்டிகளில் எண்ணெய் சூடேறி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே அளத்தல் வேண்டும்.

அளவு சரியாயின், ஓசை எப்போது எழுகிறதென்று கவனியுங்கள். வண்டி நிற்கையிலும் எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறையும் சிணுங்கல், பம்பியையோ அடைபட்ட வடிகட்டியையோ சுட்டும். உலோகத் தட்டொலியாயின், எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியே பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கொன்வெர்ட்டரைத் தாங்கும் தட்டு வெடித்திருக்கலாம். அதன் ஆணிகள் தளர்ந்திருக்கலாம். சில கியர்களில் மட்டும் எழும் இரைச்சல் உள்ளேயுள்ள பற்சில்லுகளைக் காட்டும். எஞ்சினைச் சாராது, வண்டி உருளும் வேகத்தையே பின்பற்றும் ஓசைக்கு, இயக்கத்தண்டையும் பின்னச்சையும் பாருங்கள்.

ஓசையோடு பயணம் தொடராதீர்கள். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் கிளச்சுத் தகடுகள் வழுக்கிக் கருகும்; சிறிது எண்ணெயால் தீரவேண்டிய குறை, பெட்டியையே மாற்றும் செலவாக முடியும். கேட்டவற்றைக் குறித்துக்கொண்டு திருத்துநரிடம் கூறுங்கள். வீண்பழியும் வீண்செலவும் நீங்கும்.