ஒரு பிறப்பும் பல நிறமும்



சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணி வீதியைக் காண்கிறான். வயிரத்தின் குற்றங்கள், மரகதத்தின் குற்றங்கள், மாணிக்கத்தின் நால்வகை, ஏனைய மணிகளின் நிறம் ஆகியவற்றை இளங்கோவடிகள் அங்கே நிரல்பட உரைக்கிறார். கதையோட்டத்திற்கு இத்துணை விரிவு வேண்டுமா என வினவுவார் உண்டு. வேண்டும் என்பதற்குக் காப்பியமே விடை தருகிறது. பாண்டியன் அவையில் வழக்கு முழுவதும் ஒரே வினாவில் வந்து நின்றது: சிலம்பின் பரல் முத்தா, மாணிக்கமா? மணியின் குணமும் குற்றமும் அறிந்தோர் ஒரு வீதி நிறைய வாழ்ந்த நகரில், அச்சிலம்பை அவருள் ஒருவரிடமும் காட்டாமலே கோவலன் கொல்லப்பட்டான். பொற்கொல்லன் சொல்லே மன்னனுக்குப் போதுமானதாயிற்று. காட்டியிருந்தால் என்னும் ஏக்கம் கற்பார் நெஞ்சில் எழவேண்டும் என்றே அடிகள் அவ்வீதியை முன்னர் வைத்தார் எனக் கொள்வதில் தவறில்லை.

கண்ணகி சிலம்பை உடைத்து உண்மையை நிறுவினாள். இன்றைய மணியியலில் உடைத்தறிதலுக்கு இடமில்லை. மோஸ் என்னும் கனிமவியலார் 1812இல் வகுத்த கடினவரிசையில் வயிரத்துக்கு 10, மாணிக்கத்துக்கு 9 என எண்கள் உண்டு. ஆயினும் பட்டை தீட்டிய மணியைக் கீறிப் பார்க்கும் ஆய்வாளர் இலர். ஒளியையும் எடையையும் கொண்டே கல்லைப் பேசவைக்க வேண்டும் என்பது இத்துறையின் நெறி. கல்லைக் காற்றில் ஒருமுறையும் நீரில் ஒருமுறையும் நிறுத்து அதன் ஒப்படர்த்தியைக் காணலாம். மணிகளின் ஒப்படர்த்தியை 11ஆம் நூற்றாண்டிலேயே அல்பிரூனி அளந்தார்.

இவ்வளவு பாடு எதற்கு? நிறத்தைக் கண்டதும் பெயர் சொல்லிவிடலாகாதா? ஆகாது. இங்கிலாந்தின் அரசமுடியில் முன்புறம் பதித்துள்ள பெரிய செங்கல்லை ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்றே நூற்றாண்டுகளாக அழைத்து வந்தனர். அது மாணிக்கமன்று, ஸ்பைனல் என்னும் வேறொரு கனிமம். இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதை 1783இல் பிரெஞ்சு அறிஞர் ரோமே தெ லில் தெளிவுபடுத்தினார். அதற்குமுன் அரசர்களும் அரசர்களுக்குக் கல் விற்றவர்களும் நிறத்தையே நம்பினர். இன்றோ ஒளிவிலகல்மானியில் வைத்த சில நொடிகளில் ஐயம் தீர்ந்துவிடும். மாணிக்கம் 1.762, 1.770 என இரண்டு எண்களைக் காட்டும், ஸ்பைனல் 1.718 என்னும் ஒன்றையே காட்டும். மாணிக்கத்துள் புகும் ஒளி இரண்டாகப் பிரிவதே காரணம். இருநிறங்காட்டி என்னும் சிறு குழல்வழி நோக்கினால் அதே மாணிக்கம் ஒருபால் ஊதா கலந்த சிவப்பாகவும் மறுபால் செம்மஞ்சள் சாயலாகவும் தோன்றும். ஸ்பைனலை எப்படித் திருப்பினாலும் ஒரே நிறந்தான்.

இனி, காப்பியத்தின் வியத்தகு கூற்று ஒன்று. மாணிக்கம், புருடராகம், வைடூரியம், நீலம், கோமேதகம் ஆகிய ஐந்தும் பிறப்பால் ஒன்று, வனப்பால் ஐந்து என்று அடிகள் பாடுகிறார். கண்ணுக்குச் சற்றும் ஒவ்வாத செம்மையையும் கருநீலத்தையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்ல எத்தகைய துணிவு வேண்டும்! அத்துணிவு பொய்க்கவில்லை. மாணிக்கமும் நீலமும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரே கனிமமே. தூய நிலையில் அதற்கு நிறமில்லை. சிறிதளவு குரோமியம் புகுந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் இணைந்து புகுந்தால் நீலம். புட்பராகம் என இன்று மணிக்கடைகளில் விற்கும் மஞ்சட்கல்லும் இக்குடும்பத்ததே. இக்கனிமத்தை உலகெங்கும் அறிவியலார் வழங்கும் பெயர் ‘கொரண்டம்’. அது நம் ‘குருந்தம்’ என்னும் சொல்லின் திரிபு. குருவிந்தம் என்னும் மாணிக்க வகைப்பெயரின் உறவு. ஒரு பிறப்பு என்று பாடிய மொழியே அப்பிறப்புக்குப் பெயரும் தந்திருக்கிறது.

கோமேதகமும் வைடூரியமும் இக்குடும்பத்தில் சேரா. கோமேதகம் கார்னெட் இனம். அதனை இத்துடன் விடலாம். வைடூரியத்தை அவ்வாறு விட இயலாது. உரைகாரரையும் அகராதிக்காரரையும் மொழிபெயர்ப்பாளரையும் இடர்ப்படுத்தும் சொல் அது.

இன்றைய வழக்கில் வைடூரியம் பூனைக்கண் போல் ஓர் ஒளிக்கோடு ஓடும் தேன்நிறக் கல். கிரிசோபெரில் என்பது அதன் கனிமப் பெயர், ஒப்படர்த்தி 3.73. உரைகாரரும் காப்பியத்துத் தேன்நிற மணியையே வைடூரியமாகக் கொண்டனர். ஆனால் சொல்லின் பயணம் வேறு திசை காட்டுகிறது. வைடூரியம் பிராகிருதத்தில் ‘வேளுரிய’ ஆகி, கிரேக்கம் சென்று, இலத்தீன்வழி ‘பெரில்’ ஆயிற்று. அப்பெயரால் பிளினி போற்றியது கடல்நீர் போன்ற பசுநீலக் கல்லை. அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வந்தது என்றும் அவர் எழுதினார். அதன் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.7. காங்கேயத்தை அடுத்த படியூரில் அக்கல் கிடைத்தது. பதிற்றுப்பத்துப் புலவர் பாடிய கொடுமணம், நொய்யல் வடகரையிலுள்ள கொடுமணல். அங்கே 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் பெரிலும் நீலமும் பளிங்கும் மூலக்கற்களாகவும் பாதி செய்த மணிகளாகவும் வெளிப்பட்டன. ஆகவே, பழம்பாட்டில் வைடூரியம் என வருமிடமெல்லாம் பூனைக்கண் என்று பொருளெழுதுவது பிழைக்கு இடந்தரும். இடம் நோக்கி, காலம் நோக்கி, உடன் வரும் நிறச்சொல் நோக்கியே துணிதல் வேண்டும். கவிஞர்க்கும் இது பொருந்தும். ஒலிக்காக மட்டும் மணிப்பெயர்களை அடுக்கும் பாட்டில் கல் இருப்பதில்லை. ஒரு சுவையான செய்தி: பெரில் தந்த பெயரே பெரிலியம் என்னும் தனிமத்துக்கும் ஆயிற்று, அத்தனிமம் பூனைக்கண் கல்லிலும் உண்டு.

மணிநூலார் குற்றம் என ஒதுக்கியவை இன்று சாட்சிகளாக நிற்பதும் எண்ணத்தக்கது. 1902இல் வெர்னாய் என்னும் பிரெஞ்சு வேதியியலார் சுடரில் பொடியை உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். ஒளிவிலகல் எண்ணிலும் ஒப்படர்த்தியிலும் அது மண்ணில் பிறந்த மாணிக்கமே போன்றது. கருவிகள் கைவிட்ட அவ்விடத்தில் கல்லின் அகக்குறைகள் கைகொடுக்கின்றன. உலையில் பிறந்த கல்லினுள் வளைந்த வரிகளும் காற்றுக்குமிழிகளும் இருக்கும். இயற்கைக் கல்லின் வளர்ச்சி வரிகள் நேரானவை. ஊசி போன்ற மெல்லிழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் படர்ந்திருத்தலும் உண்டு. இவ்விழைப் படலத்தைப் ‘பட்டு’ என்றே வணிகர் வழங்குகின்றனர்.

இலங்கையில் ‘கெவுட’ எனப்படும் பால்போல் மங்கிய கற்களும் இவ்வகையின. மதிப்பற்றவை என ஒதுக்கப்பட்ட அவற்றை 1970களில் தாய்லாந்து வணிகர் வாங்கிச் சென்று உயர்வெப்பத்தில் சுட்டனர். பட்டிழையின் டைட்டானியம் கல்லினுள் கரைந்து, அங்கிருந்த இரும்போடு இணைந்து, ஆழ்ந்த நீலமாயிற்று. ஆதலின் நீலமணி ஒன்று கைக்கு வந்தால் ஆய்வாளர் முதலில் உருப்பெருக்கியில் தேடுவது அதன் பட்டு முழுமையாக உள்ளதா, புள்ளிகளாகச் சிதைந்துள்ளதா என்பதையே. சிதையாதிருப்பின், அக்கல் உயர்வெப்பம் கண்டதில்லை.