மாட்டுத் தொழுவத்தில் ஒரு பழைய சாமான் கடை

(கூட்டமைப்பின் உறுப்பினர் கூட்டத்தில் ஓரகத்திகள் இருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்களைப் பேசக் கூப்பிட்டதும், "நாங்க விக்கிறது அடுத்தவங்க கழிச்சுப் போட்ட சாமான், அதைப் பத்தி என்ன பேசறது?" என்றுதான் கேட்டோம். பட்ட கஷ்டத்தையும் செய்த தப்பையும் சொல்லுங்கள், அது போதும் என்றார்கள். அதையே சொல்கிறோம்.

நாங்கள் இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள், ஒரே குழுவின் உறுப்பினர்கள். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். மாடுகளை விற்ற பிறகு எங்கள் தொழுவம் சும்மா கிடந்தது. நாட்டு ஓடு போட்ட நீளமான கூரை, வண்டி உள்ளே வருகிற வாசல். வாடகை கிடையாது. அந்த இடத்தில்தான் குழுக்கடன் 30,000 ரூபாயில் கடையை ஆரம்பித்தோம். சாமான் பார்த்து எடுத்து வருவது வீட்டு ஆண்கள். விற்பது, கணக்கு எழுதுவது நாங்கள். எது என்ன சாமான், எதற்குப் புழங்கியது என்று சொல்வது எங்கள் அத்தை.

எங்கள் பக்கம் பழைய சாமானுக்குக் குறைவில்லை. செட்டிநாட்டில் பர்மா தேக்கில் பெரிய பெரிய வீடுகள் கட்டினார்கள். 1942-ல் பர்மா ஜப்பான்காரர்கள் கைக்குப் போனது. அங்கே தொழில் செய்தவர்கள் பலர் எல்லாவற்றையும் விட்டு ஊர் திரும்பினார்கள். பிறகு வீடுகள் பங்கு பிரிந்தன, சில இடிபட்டன. தூணும் கதவும் பாத்திரமும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்தன. எங்கள் வீட்டு ஆண்கள் முதலில் அந்த மாதிரிக் கடைகளுக்குச் சுமை ஏற்றி இறக்கினார்கள். அங்கே பார்த்துப் பழகியதுதான் எங்கள் படிப்பு.

முதல் பாடம் கணக்கு. வீட்டு முகப்பில் 1941 என்று எழுதிய ஒரு வீட்டை இடித்தார்கள். அதன் நிலைக்கதவை 14,000 ரூபாய்க்கு வாங்கினோம். எட்டு மாதம் கழித்து 22,000-க்கு விற்றது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், "8,000 லாபம்" என்றார்கள். நாங்கள் நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். லாரி வாடகை 2,500. தூக்கிய ஆட்களுக்கு 1,200. ஆசாரி கூலி 1,500. போட்ட பணத்துக்கு நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி, எட்டு மாதத்துக்கு 1,120. மொத்தம் 6,320. மிஞ்சியது 1,680 ரூபாய்தான். எட்டு மாதம் நாங்கள் தூசி தட்டியதற்குக் கூலி அதில் சேரவில்லை!

அன்றிலிருந்து பெரிய சாமான் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வாங்குகிறோம். மீதிப் பணம் சின்னச் சாமானில் சுற்றுகிறது. அஞ்சறைப்பெட்டி, பல்லாங்குழி, தூக்குவாளி, முறுக்கு உழக்கு, படி, மரக்கால் இவையெல்லாம் சீக்கிரம் விலை போகும். மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956-ல் வந்தது. அதற்கப்புறம் படியும் மரக்காலும் கடைவீதியை விட்டுப் போயின. அதனால்தான் இன்றைக்கு அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

இரண்டாவது பாடம் துலக்குவது. ஆரம்பத்தில் ஒரு பழைய குத்துவிளக்கைப் புளியும் செங்கல்பொடியும் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தோம். பார்க்க வந்தவர், "புதுசு மாதிரி ஆக்கிட்டீங்களேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டுப் போய்விட்டார். பழைய பொருளுக்கு அதன் மேல் ஏறிய நிறம்தான் மதிப்பு. இப்போது மெல்லிய துணியால் தூசி மட்டும் துடைக்கிறோம். தஞ்சாவூர்ப் படத்தில் தண்ணீர் படவே கூடாது. மரச்சாமானைத் தரையில் வைப்பதில்லை. தொழுவத்து மண்ணில் ஈரம் இருக்கும், கரையான் ஏறும். செங்கல் அடுக்கிப் பலகை போட்டு அதன் மேல்தான் வைக்கிறோம்.

மூன்றாவது, பொய் சொல்லக் கூடாது. ரவிவர்மா படம் என்று நிறையப் பேர் கொண்டு வருகிறார்கள். அவர் 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அங்கே அச்சான படங்கள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. நம் வீடுகளில் கிடைப்பது பெரும்பாலும் அச்சுப் படம்தான், கையால் வரைந்தது அல்ல. வாங்க வருபவரிடம் அச்சுப் படம் என்று சொல்லியே விற்கிறோம். புதுசாகச் செய்து பழசு போல ஆக்கிய சாமானும் வியாபாரத்தில் உண்டு. அதைத் தனி அலமாரியில் வைத்து, புதுசு என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். விலை குறைகிறதுதான். ஆனால் வந்தவர் மறுபடி வருகிறார்.

நான்காவது சட்டம். இதைக் கவனமாகக் கேளுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடத்துக்குக் குறையாத கலைப்பொருள், கைவினைப் பொருளெல்லாம் தொல்பொருள். முக்கியமான ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதிக்கு 75 வருடம் ஆனாலே போதும். அதை வியாபாரம் செய்ய மத்திய தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. எங்களிடம் அந்த உரிமம் இல்லை. ஆகவே வயதில் சந்தேகம் வந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்குவதில்லை. சாமி சிலை, கோவில் சாமான், யானைத் தந்தம் இவற்றைத் தொடவே மாட்டோம். ஒருநாள் இரவில் ஒருவர் சாக்கில் ஏதோ சுற்றிக் கொண்டு வந்தார். "பகல்ல வாங்க, ரசீதோட வாங்க" என்றோம். அவர் திரும்ப வரவில்லை.

கண்மாயிலோ வயலிலோ மண் வெட்டும்போது புதையலாக ஏதாவது தட்டுப்பட்டால், அது 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லிருந்தே சட்டம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். ஆசைப்பட்டு ஒளித்து வைத்தால் குடும்பமே கஷ்டப்படும்.

கடைசியாக நாங்கள் செய்த பெரிய தப்பு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒருவர் பித்தளை அண்டா கொண்டு வந்தார். 9 கிலோ. எடைக் கணக்கில் 4,000 ரூபாய் கொடுத்து வாங்கினோம். விளிம்பில் ஒரு பெண்ணின் பேர் வெட்டியிருந்தது. பார்த்தோம், ஆனால் யார் என்று கேட்கவில்லை. மூன்றே நாளில் 7,000-க்கு விற்றோம். நாலாம் நாள் அந்தப் பேருக்கு உரியவர் வந்து தொழுவத்து வாசலில் நின்றார். அது அவருக்கு அம்மா வீட்டில் போட்ட சீர். வீட்டுக்காரர் கேட்காமல் எடுத்து வந்திருக்கிறார். "பணம் கேட்டு வரலை. அண்டா இருந்தா ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்" என்றார். அண்டா இல்லை. வாங்கியவர் வெளியூர்க்காரர், பேர்கூடக் குறித்து வைக்கவில்லை. லாபம் 3,000 ரூபாயையும் அந்தப் பெண் கையில் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். ஆனால் அண்டாவை எங்களால் திருப்பித் தர முடியவில்லை.

அன்று அத்தை சொன்னதுதான் இன்றைக்கும் எங்கள் கடைச் சட்டம். பேர் வெட்டிய பாத்திரம் என்றால் அந்தப் பேருக்கு உரியவர் நேரில் வர வேண்டும். அவர் காலமாகியிருந்தால் வீட்டுப் பெண்கள் ஒருவராவது வந்து சம்மதம் சொல்ல வேண்டும். வாங்கும் ஒவ்வொரு சாமானுக்கும் தேதி, பேர், ஊர், போன் நம்பர், எடை, விலை எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். விற்கும்போதும் அதேபோல எழுதுகிறோம். வாங்கிய பாத்திரத்தைப் பதினைந்து நாள் விற்காமல் வைக்கிறோம். மனசு மாறி வந்தால் கொடுத்த விலைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவோம். இதுவரை இரண்டு பேர் அப்படி வந்து வாங்கிப் போயிருக்கிறார்கள். அதனால் எங்களுக்கு நஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை.

சகோதரிகளே, இன்று வீட்டுக்குப் போய்ப் பரணில் ஏறிப் பாருங்கள். எவர்சில்வர் வந்த பிறகு மேலே போன பித்தளையும் வெண்கலமும் அங்கே கிடக்கும். தெருவில் சத்தம் போட்டு வருகிற வியாபாரியிடம் அவசரப்பட்டு எடைக்குப் போடாதீர்கள். நாலு இடத்தில் விலை கேளுங்கள். அதைவிட முக்கியம், வீட்டில் வயசானவங்க இருந்தால் அது யாருடைய சாமான் என்று முதலில் அவங்ககிட்ட கேளுங்கள். விற்பது தப்பில்லை, கஷ்டத்துக்கு விற்கத்தான் வேண்டியிருக்கும். உரியவர் அறியாமல் விற்க வேண்டாம்.